இடது இருக்கையில் அறுபத்தொரு கிலோ

1

அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பது. நியூசிலாந்தின் தென்தீவில் எங்கள் வீட்டு வாசலில், சிவப்பு நிறச் சிறிய காரில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். அது முப்பது வயதுக்கு நெருங்கிய ஜப்பானிய கார். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. மாற்றியமைத்த வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரியிடம் அதை ஒன்பது மணிக்குக் கொண்டுபோக வேண்டும். என் மகள் ரெஜினாவும் வருவதாக ஏற்பாடு.

எங்கள் குடும்பத்தில் எந்த வண்டியை எடுத்தாலும், கிளம்புமுன் ஓட்டுபவர் "ஏறியாச்சா?" என்று கேட்பது வழக்கம். திண்டுக்கல்லில் அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. நானும் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டேன். இடப்பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கியரைப் போட்டு நகர்ந்தேன்.

வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நான்கு விரல் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் விளிம்பு இருக்கிறது. சுருள்வில்களைக் குட்டையாக்கி காரைத் தாழ்த்தியிருக்கிறோம். நான் தனியாகப் போனால் விளிம்பைத் தொடாமல் இறங்கிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் இடப்பக்க அடித்தகடு உரசும். அன்று உரசியது.

தெருவில் இருபதடி போன பிறகு பின்னாலிருந்து ரெஜினா கூப்பிட்டாள். "அப்பா, நான் இன்னும் ஷூவே போடல. எங்க போறீங்க?"

ஒரு கையில் ஷூவோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

பின்னால் வந்து அவளை ஏற்றிக்கொண்டேன். அவள் உட்கார்ந்ததும் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அதை முன்னால் இழுத்தாள். இவ்வளவு பின்னால் யார் தள்ளி வைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த இருக்கையில் உட்காருபவள் அவள் ஒருத்திதான். கதவு காற்றில் சாத்தியிருக்கும் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். காற்று இல்லை என்பதையும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன்.

2

இங்கே ஒரு பால்பொடி ஆலையில் தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாக அதே வேலை. காலை ஆறு மணிக்குள் ஆலையில் இருக்க வேண்டும். சான்றளித்த எடைக்கற்களைத் துணியால் பிடித்து, ஒவ்வொரு தராசின் மேலும் வைத்து, காட்டுகிற எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய்கூட எடையை மாற்றும் என்பதால்தான் துணி. ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு பெரிதாக எதுவும் இல்லை.

ரெஜினாவுக்கு இருபது வயது. இந்த ஊருக்கு வந்தபோது நான்கு. ஏழெட்டு வயதுவரை தமிழில் சண்டை போட்டாள். பிறகு சண்டை ஆங்கிலத்துக்கு மாறியது. அதற்கடுத்து சண்டையே இல்லை. சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் பேசும் நான்கு வாக்கியங்கள் மட்டும் தமிழில் மிஞ்சின. ஒரே வீட்டில் நாங்கள் மூவரும் மரியாதையான வாடகைக்காரர்கள் போல இருந்தோம். ஊரில் பிள்ளைகள் தூரமாகப் போனால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். இங்கே பிள்ளை அடுத்த அறையில் இருந்துகொண்டே தூரமாகப் போகும்.

இந்தக் காரை நான் சென்ற ஆண்டு வாங்கியது ஒரு பழைய ஆசையால். ஆனால் அதைப் பிரிக்கத் தொடங்கியதும் கராஜுக்குள் முதலில் வந்து நின்றவள் அவள்தான். பொறியியல் படிக்கிறாள். காரை இலேசாக்கி, பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்கு விடும் நாட்களில் ஓட்டலாம், பிறகு சின்னச் சின்னப் போட்டிகளுக்கும் போகலாம் என்று திட்டம் போட்டவள் அவள். நட்டு, போல்ட்டு, ஸ்பானர் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குள் பேச்சு திரும்பி வந்தது.

கழற்றியதையெல்லாம் நிறுத்து எழுதினேன். தரைவிரிப்பு 7.4 கிலோ. மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் 14.2. குளிர்சாதனம் 12.8. பாட்டுப்பெட்டியும் ஒலிபெருக்கிகளும் 5.1. அந்த 5.1இல், ஜப்பானில் சுங்கச் சாவடிக்காக வைத்திருந்த ஒரு சின்னக் கருவியும் அடக்கம். சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பெண் குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அட்டை செருகப்படவில்லை என்று சொல்கிறாள் என்று ஆலையில் ஒரு நண்பர் விளக்கினார். அத்தனை வருடம் யாரும் செருகாத அட்டைக்காக அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தரையில் ஒட்டியிருந்த தார்ப்பூச்சு 6.3, உலர் பனிக்கட்டியைப் பரப்பி, இறுகியதும் மரச்சுத்தியலால் தட்டி ஓடு ஓடாக எடுத்தோம். பாட்டரியைச் சின்னதாக மாற்றியதில் 8.2. ஓட்டுநர் இருக்கையைப் பந்தய இருக்கையாக மாற்றியதில் 7.7. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளையம் பொருத்தினோம், அதில் 17.5 கூடியது. ஆக, குறைந்தது 44.2 கிலோ.

இடது இருக்கையையும் எடுத்துவிடலாம் என்று ரெஜினா சொன்னாள். இன்னும் பதின்மூன்று கிலோ குறையும். நான் வேண்டாம் என்றேன். சான்றிதழ்ப் படிவத்தில் இருக்கைகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தாயிற்று, மாற்றினால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

3

அக்டோபர் நடுவில் ஒரு பயிற்சி நாளுக்குப் போனோம். பந்தயத் தடம் எங்கள் ஊரிலிருந்து ஐம்பது நிமிடம். ரெஜினா தலைக்கவசம் போட்டு, நான்கு புள்ளி இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு தனியாக ஓட்டினாள். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று நேரம் குறித்தேன்.

நான்காவது சுற்றில், இரண்டாம் வளைவில் கார் பின்பக்கம் விலகி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புல்லில் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. அவள் தானே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

பயந்துவிட்டாயா என்று கேட்டேன். அதற்கு அவள் தமிழில் பதில் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"சுத்தினதுக்கு பயப்படல. வளைவு வர்றதுக்கு முன்னாடியே கார் சாயுதுப்பா. நான் ஸ்டியரிங்கத் திருப்பவே இல்ல. பக்கத்துல யாரோ உக்காந்து, வளைவு வருதுன்னு தெரிஞ்சு, முன்னாலேயே சாஞ்சுக்கற மாதிரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிறகு காரிலிருந்து சாமான்களை எடுக்கும்போது இடது இருக்கையின் பக்கம் கையை வைக்கவில்லை.

அடுத்த போட்டி நவம்பர் இரண்டாம் தேதி. ஊர்க் கிளப் நடத்தும் சின்ன நேரப்போட்டி. ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள். அவள் பெயர் கொடுத்திருந்தாள். பயிற்சியில் பாதித் தடம்தான்; போட்டியின் முழுச் சுற்றில் கடைசி வளைவும் சேரும். அங்கே புல் கிடையாது, கான்கிரீட் சுவர். கார் தானாக ஏன் சாய்கிறது என்று அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் அவளைப் போக வேண்டாம் என்று சொல்வேன். சொன்னால் கேட்கமாட்டாள். எனக்கு இருந்தது இரண்டு வாரம்.

4

சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கும் நான்கு தராசுகளைக் கிளப்பிலிருந்து இரவல் வாங்கி வந்தேன். காரை ஏற்றி நிறுத்தினால் ஒவ்வொரு சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் காட்டும். கராஜ் தரையின் மட்டத்தைச் சரிபார்த்து, காற்றழுத்தம் பார்த்து, பெட்ரோல் அரைத் தொட்டி என்று உறுதிசெய்து, காரை ஏற்றிவிட்டு இறங்கினேன்.

வாங்கிய புதிதில் இதே தராசுகளில், அரைத் தொட்டி பெட்ரோலோடு நிறுத்தபோது 982.0 கிலோ. குறைந்த 44.2 போனால் 937.8 வரவேண்டும்.

998.8 காட்டியது.

இவ்வளவையும் கழற்றிய பிறகு கார் முன்பைவிடக் கூடியிருந்தது. தராசைச் சந்தேகப்பட்டேன். ஆலையிலிருந்து எடைக்கற்களைக் கேட்டு வாங்கி வந்து வைத்தேன். நான்கு தராசும் துல்லியமாக இருந்தன. நான் ஏறி நின்றேன். என் எடை சரியாக வந்தது. மறுநாள் காரை மீண்டும் நிறுத்தேன். 998.8.

கூடுதல் சரியாக 61.0 கிலோ. அதில் பெரும்பங்கு இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களில் இருந்தது, பின்சக்கரத்தில் சற்று அதிகம். இடது இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் எடை எப்படிப் பரவும் என்று தெரிந்துகொள்ள ரெஜினாவை உட்காரவைத்து முன்பு ஒருமுறை அளந்திருக்கிறேன். நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுத்து ஒப்பிட்டேன். அதே பரவல்.

அன்று என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதற்கு நான் இரண்டு முறை பதில் சொல்லவில்லையாம். அறுபத்தொன்று என்ற எண்ணை எனக்குத் தெரியும்.

5

வேடசந்தூர் சாலையில், அகரம் விலக்கைத் தாண்டி, எங்கள் அப்பா ஒரு எடை மேடை நடத்தினார். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடும் இரும்பு மேடை. சுற்றிலும் வெட்டவெளி. மில் பஸ்கள் போகும்போது மேடை இலேசாக அதிரும். அது அடங்கும்வரை அப்பா காத்திருப்பார். அமல்ராஜ் என்ற நான் உள்ளே உட்கார்ந்து சீட்டு அடிப்பேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் லூர்து லாரி ஓட்டினான். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, திண்டுக்கல் சின்ன வெங்காயம், மில்லுக்குப் பஞ்சு.

எடை போடுமுன் அப்பா ஜன்னல் வழியாக மூன்று முறை குரல் கொடுப்பார். "ஆளு எறங்கியாச்சா?" ஓட்டுநரும் லோடுமேனும் இறங்கி நின்றால்தான் சரியான எடை வரும். சீட்டை அடித்துக் கையில் கொடுத்ததும் இன்னொரு குரல். "ஏறியாச்சா?" இதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எடை போட இறங்கிய லோடுமேன் ஒருவரை மறந்துவிட்டு லாரி கேரளாவுக்குப் போய்விட்டது. அவருடைய சட்டையும் சோற்றுப் பாத்திரமும் லாரியோடு போயின. பனியனோடு சாயங்காலம்வரை எங்கள் மேடை ஓரத்தில் நின்றார். அன்றிலிருந்து, இறங்கச் சொன்னவன்தான் ஏறவும் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அது வீட்டுக்குள்ளும் வந்து, சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் எல்லாவற்றுக்கும் வழக்கமானது.

லூர்து இறங்கமாட்டான். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு இருக்கையில் சாய்ந்துவிடுவான். அப்பா கத்தினால் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே தொங்கவிடுவான். "காலு எறங்கிருச்சுப்பா. பாக்கி பின்னால வரும்." அப்படி இரண்டு தடவை அவனையும் சேர்த்து எடை போட்டு, மண்டியில் அவன் கணக்கும் வெங்காயமாகவே போயிருக்கிறது. "ஏலே, ஊருக்குள்ள என்னைய மாதிரி ரெண்டு தடவ வித்துப்போனவன் எவன்லே இருக்கான்" என்று பெருமையாகச் சொல்வான்.

சீட்டு அடிக்கும் அறையின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தேன். பத்திரிகையிலிருந்து வெட்டியது. சின்ன, சிவப்பு, இரண்டு இருக்கை ஜப்பானிய கார். லூர்து அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வான்.

"இதுல லோடு எங்கலே ஏத்துறது? மிஞ்சிப்போனா ஒரு மூட்ட பூண்டு."

"லோடு ஏத்துறதுக்கில்லண்ணே. சும்மா ஓட்டுறதுக்கு."

"சும்மா ஓட்டுறதுக்கா? அம்புட்டு வெட்டியாவாலே இருக்காய்ங்க ஜப்பான்காரய்ங்க?" என்று சிரித்துவிட்டு, படத்தில் இடப்பக்கத்து இருக்கையைத் தொட்டுக் காட்டுவான். "இது எனக்கு."

நான் வெளிநாடு கிளம்பிய அன்று திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் தாமதம். நடைமேடையில், விளக்கு சுற்றும் எடை இயந்திரத்தில் இருவரும் ஏறினோம். அட்டையின் பின்பக்கம் பலனும் அச்சாகியிருக்கும். என் அட்டையில் வீட்டில் அமைதி நிலவும் என்று இருந்தது. அவனுடையதில் தொலைதூரப் பயணம் உண்டு என்று இருந்தது. "சீட்டு மாறி வந்திருச்சுலே" என்றான். அட்டையை என் சட்டைப்பையில் செருகிவிட்டான். அதில் அவன் எடை 61.

அவன் உயரமானவன், ஒல்லி. எந்த வண்டியில் ஏறினாலும் முதல் வேலையாக இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளுவான். சிறுமலைச் சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால், வளைவு கண்ணுக்குத் தெரியுமுன்பே அந்தப் பக்கம் சாய்வான்.

6

பத்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் போனில் பேசும்போது, அந்தப் படத்துக் கார் இங்கே பழையதாக நிறையக் கிடைக்கிறது என்று சொன்னேன். "அப்பறம் என்னலே, வாங்கு. எடது பக்கத்து சீட்ட மட்டும் எனக்குப் போட்டு வையி" என்றான். எங்கள் பக்கம் போனை முடிக்கும்போது வைக்கிறேன் என்றுதான் சொல்வோம். அவன் அன்று, "செரி, வாரேன்" என்று முடித்தான்.

அடுத்த வாரம் அவன் வெங்காய லாரியை எங்கள் மேடையில் ஏற்றி நிறுத்தினான். அப்பா மூன்று முறை குரல் கொடுத்தார். பதில் இல்லை. துண்டு முகத்தில் இருந்தது. இவன் திருந்தமாட்டான் என்று அப்பா சீட்டை அடித்துவிட்டார். கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு. மேடையில் ஏற்றி, பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் போயிருக்கிறான்.

என் பாஸ்போர்ட் அப்போது குடியேற்ற அலுவலகத்தில் இருந்தது. அவசரமாகத் திருப்பித் தர ஒரு படிவம் உண்டு. அதனுடன் இறப்புச் சான்றிதழ் வேண்டும். திண்டுக்கல்லில் சான்றிதழ் கைக்கு வர எட்டு நாள் ஆனது. ஆலையில் விடுப்புப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் சகோதரர் என்று எழுதினேன். சொந்தச் சகோதரரா, அல்லது உங்கள் ஊர் வழக்கப்படி சகோதரரா என்று மேலாளர் பணிவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நான் ஆலையில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் போகவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது.

அப்பா எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். உள்ளே அந்த எடைச் சீட்டு இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு சீட்டைக்கூட அடித்துத் திருத்தாத மனிதர். மொத்த எடைக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "இதில் லூர்தும் உண்டு."

அப்பாவும் இப்போது இல்லை. மேடை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்கு வந்துவிட்டதாம். சீட்டும் ரயில் நிலைய அட்டையும் என் நாட்குறிப்பின் உறைக்குள் இருக்கின்றன. மூன்று முறை கூப்பிட்டும் அண்ணன் இறங்கவில்லை என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள் என்று, இந்த அக்டோபரில்தான் எனக்குப் புரிந்தது.

7

புரிந்ததை நம்ப எனக்கு இன்னொரு தராசு தேவைப்பட்டது. ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் பொதுமக்களுக்கு ஒரு எடை மேடை உண்டு. அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு மதியம் காரை அங்கே ஏற்றி நிறுத்தினேன். இறங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

உள்ளே ஒரு நடுத்தர வயதுப் பெண். வண்டியில் யாராவது இருக்கிறார்களா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் "கெட் டவுன்" ஆகிவிட்டேன் என்றேன். பதினாறு வருடமாகியும் இந்தப் பிழை என்னைவிட்டுப் போகவில்லை. நாம் வண்டியிலிருந்து இறங்குவதை அப்படித்தான் சொல்வோம். இங்கே அதற்கு நடனமாடுவது அல்லது குனிந்துகொள்வது என்று பொருள். ரெஜினா எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் காரைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்து சீட்டை நீட்டினார்.

எடை 1000 கிலோ. பத்து கிலோவுக்கு ஒரு படி என்பதால் என் 998.8க்கு அது சரியான எண். அதற்குக் கீழே, வண்டியில் ஆட்கள் என்ற கட்டத்தில் 1 என்று இருந்தது.

நான் வெளியே நிற்கிறேனே என்று கேட்டேன். நீங்கள் இறங்கிவிட்டீர்கள், அவர் குனிந்துகொண்டாரே, என்றார் அந்தப் பெண். நான் சொன்ன ஆங்கிலத்தை வைத்துச் சொன்னாரா, பார்த்ததை வைத்துச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் ஒரு லாரி காத்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டிக்குள் ஏறியபோது அண்ணனிடம் ஏதாவது பேசலாம் என்று வாயெடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பத்து வருடத்துச் செய்தி இருந்தது. வீட்டைப் பார்த்து ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கார் எனக்கு முன்னதாகச் சாய்ந்தது. பயமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

8

நவம்பர் ஒன்று, சனிக்கிழமை, மதியம் இரண்டு பத்து. மறுநாள் போட்டி. மறுநாள்தான் கல்லறைத் திருநாளும். இந்நேரம் திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்கள். அவன் கல்லறையில் நான் இதுவரை மெழுகுவர்த்தி ஏற்றியது ஒரே தடவை, அதுவும் ஏழு வருடம் முன்பு ஊருக்குப் போன ஒரு ஜூன் மாதத்தில்.

காரை நான்கு தராசுகளில் ஏற்றி இறங்கினேன். 998.6. பெட்ரோல் சற்றுக் குறைந்திருந்தது. அவன் அங்கேயே இருந்தான்.

அவன் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியாக ஓட்டும்போது எத்தனை வருடம் வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் மறுநாள் ஓட்டப்போவது ரெஜினா. அவள் பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்தில் அறுபத்தொரு கிலோ தன் விருப்பத்துக்குச் சாய்ந்தால், கடைசி வளைவில் சுவர். ஏறச் சொன்னவன் நான். இறங்கச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

இந்தத் தெருவில் நான் உரக்கக் கூப்பிட்டதே கிடையாது. கராஜ் கதவைப் பாதி மூடிவிட்டு, மெதுவாகச் சொன்னேன். "ஆளு எறங்கியாச்சா?"

எண்கள் நகரவில்லை.

இரண்டாவது முறை கொஞ்சம் உரக்க. எதுவும் இல்லை. அவனுக்கு மூன்றும் கேட்டுப் பழக்கம்.

மூன்றாவது முறை அப்பாவின் குரலில் கத்தினேன். எனக்குள் அந்தக் குரல் இருப்பது எனக்கே தெரியாது. முதலில் இடப்பக்கத்து முன் தராசு சற்று ஏறியது. ஒருவர் காலை வெளியே வைத்துக் கதவில் கையூன்றுவது போல. பிறகு மொத்தம் 971.0க்கு இறங்கி அங்கேயே நின்றது. மூன்று வினாடி, நான்கு வினாடி. கால் இறங்கிவிட்டது, பாக்கி பின்னால் வரும் என்று காத்திருந்தேன். சுருள்வில் முனகியது. கார் அரை அங்குலம் எழும்பியது. 937.6.

வீட்டுப் பக்கத்துக் கதவில் ரெஜினா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் பார்வை தராசின் திரையில் இருந்தது.

"யார்கிட்ட பேசுறீங்க?"

பொய் சொல்ல நேரம் இல்லை. "உன் பெரியப்பாகிட்ட" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாட்குறிப்பின் பழைய பக்கங்களைக் காட்டினேன். அப்பாவின் சீட்டைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. பேனாவால் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் சிரிப்பாள், அல்லது யாராவது மருத்துவரைப் பார்க்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து திரையில் இருந்த எண்ணை இன்னொரு முறை வாசித்தாள்.

"இப்ப எறங்கிட்டார்ல?"

"எறங்கிட்டாரு."

"எறங்கி எங்கப்பா போவார்? இங்க அவருக்கு யாரத் தெரியும்?"

பனியனோடு மேடை ஓரத்தில் சாயங்காலம்வரை நின்ற அந்த லோடுமேன் கண்முன் வந்தார்.

9

நவம்பர் இரண்டு, ஞாயிறு. திருப்பலியை முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிட்டோம். தடத்துக்கு நான் சிவப்புக் காரில் தனியாக. ரெஜினா அம்மாவின் காரில், டயர்களும் கருவிகளும் போட்டுக்கொண்டு. வாசல் விளிம்பில் உரசவில்லை. பக்கத்து இருக்கையின் மேல் கையை நீட்டிப் பார்த்தேன். இலேசாக ஓடிற்று கார். எனக்கு அது பிடிக்கவில்லை.

தடத்தில் இறங்கியதும் இடது இருக்கையைக் கழற்றும் வேலையை ரெஜினாவே எடுத்துக்கொண்டாள். நான்கு போல்ட்டு. கழற்றியதை வழக்கமாக அடுக்கும் தார்ப்பாயின் மேல் வைக்காமல், தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"வேலிப் பக்கத்துல போடுறேன்பா. கடைசி வளைவு நல்லாத் தெரியும். அவரும் பாக்கட்டும்."

புல்லில், தடத்தைப் பார்த்தபடி அந்த இருக்கை இருந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்து எஞ்சியிருந்த மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தினேன். காற்று இரண்டு முறை அணைத்தது, மூன்றாவது முறை நின்றது. ஒரு வயதான பெண்மணி கால் வலியோடு வந்து அந்த இருக்கையில் உட்காரப் பார்த்தார். பாதி குனிந்தவர் நிமிர்ந்து, மன்னியுங்கள், ஆள் இருக்கிறது போல என்றார். ஆமாம் என்றேன். மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

ரெஜினாவுக்கு மூன்று ஓட்டம். மூன்றிலும் கடைசி வளைவைச் சுத்தமாக எடுத்தாள். கார் அவள் சொன்னபோது திரும்பியது, அவள் சொல்லாதபோது திரும்பவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் அவள் வளைவுக்கு வரும்போது இருக்கையின் முதுகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. புல் தரை சமமில்லை. பதினோரு பேரில் அவள் ஏழாவது. எனக்கு அது முதலிடம்.

நான்கு மணிக்கு இருக்கையைத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினோம். போல்ட்டுகளை அளவுபார்த்து முறுக்கினேன். இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். இறங்கச் சொன்னவன்தான் ஏறவும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. முந்தின நாள் கத்தியதில் எல்லாம் தீர்ந்துவிட்டது போல இருந்தது.

ரெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலி இருக்கையைப் பார்த்து, றகரத்தை ஆங்கிலம் போல உருட்டிக் கேட்டாள்.

"ஏறியாச்சா, பெரியப்பா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே கதவைச் சாத்தினாள். இருக்கையை முன்னால் இழுக்கவில்லை.

அவள் அம்மாவின் காரில் எனக்குப் பின்னால் வந்தாள். நான் நிதானமாக ஓட்டினேன். தராசுகளைத் திங்கட்கிழமை கிளப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று வீட்டுக்கு வந்ததும் அவற்றை வெளியே எடுக்கவில்லை. நாட்குறிப்பில் அந்த நாளின் எடைக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி எழுதினேன்: மாலை ஐந்து ஐந்து, வாசல் விளிம்பில் ஏறும்போது இடப்பக்கம் உரசியது.